குளம் வெட்டுமுன் கணக்கைக் கேளுங்கள்

பேராக் தோட்டங்களில் பிறந்து, அல்லது அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகளாக வளர்ந்து, இன்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தைப்பிங்கிலும் தெலுக் இந்தானிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு:

இறால் குளங்களைப் பற்றி உங்களுக்கு ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். ஈப்போவில் கடல் இல்லை. பால்மரமும் செம்பனையும் நீங்கள் அறிந்தவை, வலையும் படகும் அல்ல. கிரியானிலும் மாத்தாங்கிலும் மஞ்சோங்கிலும் கரையோரம் குளம் வெட்டினால் அது அங்குள்ள மலாய், சீன மீனவர்களின் பாடு என்று விட்டுவிடுவது எளிது. அப்படி விட முடியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நம் நாட்டு அரசமைப்பின்படி நிலம் மாநில அரசின் அதிகாரம். குளம் கடற்கரையில் வெட்டப்பட்டாலும் அந்த நிலத்தின் தலைவிதியை எழுதுவது ஈப்போவில் கூடும் மாநில ஆட்சிக்குழு. அந்த ஆட்சிக்குழுவை நாற்காலியில் உட்கார வைக்கும் வாக்குகளில் உங்கள் வாக்கும் ஒன்று. இரண்டாவது காரணம் இன்னும் நெருக்கமானது. லாபம் ஒருவருக்கு, நட்டம் பக்கத்தில் குடியிருப்பவருக்கு என்ற கணக்கை மலேசியாவில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு.

தோட்டம் கைமாறியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். அந்த விற்பனையில் மரத்துக்கு விலை இருந்தது, மண்ணுக்கு விலை இருந்தது. மூன்று தலைமுறையாகப் பால் வெட்டியவனின் லயத்து வீட்டுக்கும் அவன் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் விலை இல்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்று வீடுவீடாகப் போனது, அந்தக் கணக்கில் விடுபட்டவர்களுக்கு ஓர் இடம் பிடிப்பதற்காகத்தான். பிறகு செம்பனை வந்தது, அதோடு பராகுவாட் களைக்கொல்லியும் வந்தது. அதைத் தெளித்த பெண்களின் நகமும் கண்ணும் நுரையீரலும் பட்ட பாடு எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் செலவாக எழுதப்படவில்லை. அந்த மருந்து இந்நாட்டில் முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது 2020இல்தான். இறால் குளத்தின் வரவு செலவும் இப்படித்தான் எழுதப்படுகிறது. இந்த மடல் முழுவதும் நான் சொல்லப்போவது அவ்வளவுதான். ஆதாரங்களை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் மண்ணைப் பாருங்கள். அலையாத்திக் காட்டின் சேறு சாதாரணச் சேறு அல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடல்நீரும் இலைதழையும் சேர்ந்து படிந்த அந்தக் களிமண்ணில் இரும்பும் கந்தகமும் கலந்த பைரைட் என்ற தாது இருக்கிறது. நீருக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை. மண்வாரி இயந்திரம் அதைத் தோண்டிக் கரையாகக் குவித்ததும் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிறது. மழை பெய்யும்போதெல்லாம் அமிலமும், அது கரைத்த இரும்பும் அலுமினியமும் குளத்துக்குள்ளும் பக்கத்து வாய்க்காலுக்குள்ளும் வடிகின்றன. பண்ணைக்காரர் சுண்ணாம்பு கொட்டித் தன் குளத்தைச் சரிசெய்துகொள்வார். வாய்க்காலில் யாரும் சுண்ணாம்பு கொட்டப்போவதில்லை. அங்கே முட்டையிட வரும் மீனுக்கும் சேற்றில் வாழும் நண்டுக்கும் அந்த நீர் ஒவ்வாது. சில ஆண்டுகளில் நோய் வந்தோ விலை விழுந்தோ குளம் கைவிடப்படும். அப்போதும் காடு தானாகத் திரும்பி வராது, ஏனென்றால் ஓதம் ஏறி இறங்குவதைக் கரைகள் தடுத்துவிடுகின்றன. விதை வந்து ஒதுங்க வழி இல்லை, மண்ணும் புளித்துக் கிடக்கிறது. கரையை உடைத்து, நீரோட்டத்தைத் திருப்பி, கன்று நட்டு வளர்க்கப் பணம் வேண்டும். அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் அதற்குள் கிளம்பிப் போயிருப்பார்.

அடுத்தது நீர். ஒரு தீவிர இறால் குளத்தில் தீவனத்தின் மிச்சம், இறாலின் கழிவு, செத்த பாசி, போட்ட மருந்து எல்லாம் அடியில் கறுப்புச் சேறாகத் தங்கும். அறுவடைக்குக் குளத்தை வடிக்கும்போது அது மொத்தமும் ஆற்று முகத்துவாரத்துக்குப் போகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் தன் குளத்துக்கு நீர் இறைப்பது அதே முகத்துவாரத்திலிருந்துதான். இந்தத் தொழிலை நோய்கள் சுற்றிச் சுற்றி அடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். 1980களின் இறுதியில் தைவானின் புலி இறால் தொழில் ஒரேயடியாகச் சரிந்தது. 1990களில் வெள்ளைப்புள்ளி நோய் ஆசியா முழுவதும் பரவியது. புலி இறாலை விட்டுவிட்டு, லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வன்னாமி இறாலுக்குப் பண்ணைகள் மாறின. அதையும் 2009இல் சீனாவில் தொடங்கிய இளமையிலேயே சாகும் நோய் பிடித்தது. வியட்நாம் வழியாக 2011 வாக்கில் மலேசியாவுக்கும் மறு ஆண்டு தாய்லாந்துக்கும் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஏட்டில் எழுதப்பட்டது பண்ணைக்காரரின் நட்டம் மட்டுமே. முகத்துவாரத்தில் வலை போடுபவருக்கு என்ன போயிற்று என்று கணக்கெடுக்க ஆள் இல்லை.

நோய் வந்தால் மருந்து வரும். 2016 ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் தீபகற்ப மலேசியாவிலிருந்து வரும் இறாலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்க ஆணையிட்டது. அதற்கு முந்தைய ஓராண்டில் சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்கவே கூடாத நைட்ரோஃபியூரான், குளோரம்பெனிகால் ஆகிய மருந்துகளின் எச்சம் இருந்தது. வேறு நாட்டு இறால் நம் நாட்டு முத்திரையோடு போனதும் இதற்குக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மை என்றாலும் நம் கண்காணிப்பின் லட்சணம் அதிலிருந்தே தெரிகிறது. அமெரிக்காவுக்குப் போகாத இறால் எந்தச் சந்தைக்குப் போயிற்று என்று இங்கே நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? கல்யாண விருந்தில் இறால் சம்பல் இல்லையென்றால் குறை சொல்லும் நாம், அந்த இறால் வந்த வழியை விசாரிப்பதில்லை.

தீவனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளர்ப்பு இறாலின் தீவனத்தில் மீன்மாவு உண்டு. அதற்காக இழுவைப்படகு அள்ளி வரும் ஈக்கான் பாஜா என்ற மலிவுக் கலப்பு மீனில் பெரிய மீனாக வேண்டிய குஞ்சுகளும் அடக்கம். அதை அரைத்து இறாலுக்குப் போடுவது கடலின் சுமையைக் குறைக்காது, கூட்டவே செய்யும். தாய்லாந்தின் மீன்பிடிப் படகுகளில் பர்மியர்களும் கம்போடியர்களும் அடிமைகளாக வைக்கப்பட்டு, அவர்கள் பிடித்த மீன் இறால் தீவனமாகப் போனதை 2014இல் கார்டியன் நாளிதழ் வெளிக்கொண்டு வந்தது. கப்பலேறி வந்து, கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாமல் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தச் செய்தி நமக்கு வெளியூர்ச் செய்தியாக இருக்க முடியாது.

இறால் குளத்தின் கணக்கை ஒரு நீதிமன்றம் வரவு செலவாகவே போட்டுப் பார்த்திருக்கிறது. அது நடந்தது உங்களில் பலரின் முன்னோர் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறிய நாகப்பட்டினத்தை ஒட்டிய காவிரிக் கடைமடையில். 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அந்த வட்டாரத்துக்கு வந்து, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தரும் வேலையில் இறங்கினார்கள். 1981இல் அதற்காக லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலம் கைக்கு வந்து ஒரு தலைமுறை ஆவதற்குள் 1990களில் இறால் கம்பெனிகள் வந்தன. கரையோர வயல்களை வாங்கிக் குளமாக்கின. உப்பு நீர் பக்கத்து வயலுக்குள் கசிந்தது. குடிநீர்க் கிணறு உவர்த்தது. மீனவர்கள் கடலுக்குப் போகும் வழியைக் குளங்கள் மறித்தன. வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்குக் குளத்தில் வேலை இல்லை. ஒரு குளத்துக்கு வேண்டியதெல்லாம் பம்பு பார்க்க ஓர் ஆள், காவலுக்கு ஓர் ஆள். ஜெகந்நாதன் உண்ணாவிரதம் இருந்தார், மறியல் செய்தார், கடைசியில் உச்ச நீதிமன்றம் போனார்.

1996 டிசம்பர் 11ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது தந்த தீர்ப்பை ஒவ்வொரு மாநில ஆட்சிக்குழு உறுப்பினரும் ஒருமுறை படிக்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள குளங்களை 1997 மார்ச் 31க்குள் அகற்றச் சொன்னது. விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் குளமாக மாற்றக் கூடாது என்றது. கெடுத்தவர்தான் சீர்செய்யும் செலவையும் தர வேண்டும் என்றது. குளங்கள் மூடப்படுவதால் வேலை இழக்கும் தொழிலாளர்களையும் மறக்கவில்லை. ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்தவர்களுக்கு ஆறு ஆண்டுச் சம்பளத்தை இழப்பீடாகத் தரச் சொன்னது. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் நேரில் பார்த்துக் கொடுத்த அறிக்கைகளை வைத்து, இத்தொழிலால் வரும் வருமானத்தைவிட அது செய்யும் சேதம் அதிகம் என்ற முடிவுக்கு வந்தது. பாரம்பரிய முறையை அது தடுக்கவில்லை என்பதும் முக்கியம். கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும் உப்பேறும் காலத்தில் இறாலும் மாறி மாறி விளைகின்றன. இறாலே ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. பிறர் தலையில் செலவைக் கட்டும் இறால்தான் ஆகாது.

அந்தத் தீர்ப்பு அப்படியே நடைமுறைக்கு வந்ததா என்றால், இல்லை. மறுஆய்வு மனுக்கள் போயின, இடைக்காலத் தடைகள் வந்தன, கடைசியில் நாடாளுமன்றமே 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டு வந்து பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டது. ஜெகந்நாதன் 2013இல் மறைந்தார். அவரும் கிருஷ்ணம்மாளும் 2008இல் மாற்று நோபல் எனப்படும் விருதைப் பெற்றார்கள். குளங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வெட்டிய குளத்தை நீதிமன்றம் போய் மூடுவது மிகவும் கடினம் என்பது. வெட்டுவதற்கு முன்னால் கேள்வி கேட்பது ஒப்பீட்டளவில் எளிது, மலிவும்கூட.

இதெல்லாம் இந்தியாவில் என்று தள்ளிவிடாதீர்கள். பேராக்கின் பக்கத்து வீடான கெடாவில், கெர்பான் என்ற இடத்தில், 1990களில் நெல் வயல்களை அரசு கட்டாயமாகக் கையகப்படுத்தி இறால் பண்ணைக்குக் கொடுத்தது. மறுத்து நின்ற விவசாயிகள் போராடினார்கள், கைதானார்கள், வழக்குப் போட்டார்கள். இதற்கு வழி செய்தது 1991இல் நிலக் கையகப்படுத்தல் சட்டத்தில் செய்த திருத்தம். பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை என்று மாநில அரசு கருதினால் தனியார் கம்பெனிக்காகவும் ஒருவரின் நிலத்தை எடுக்கலாம் என்று அது ஆக்கிவிட்டது. அந்தத் திருத்தம் நெல் விவசாயியோடு நிற்கவில்லை. நிலம் வைத்திருக்கும் எல்லோரையும் தொடுகிறது, நகருக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் மிச்சம் வைத்திருக்கும் நம்மவர்களையும் சேர்த்து. கெர்பானில் கைது என்றால், வங்கதேசத்தின் குல்னா மாவட்டத்தில் உயிரே போனது. 1990 நவம்பர் 7ஆம் நாள் தன் ஊரின் வயல்களை இறாலுக்கு விடமாட்டோம் என்று ஊர்வலத்தின் முன்னால் நடந்த கருணாமயி சர்தார் கொல்லப்பட்டார். நிலமற்ற குடும்பத்துப் பெண் அவர். அந்த ஊர் மக்கள் தங்கள் மண்ணை இறாலுக்கு விடவில்லை.

பேராக்கில் இழப்பதற்கு நம்மிடம் இருப்பது சாதாரணமானதல்ல. மாத்தாங் அலையாத்திக் காடு 40,000 ஹெக்டேருக்கு மேல் பரந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காப்புக்காடாக, முப்பது ஆண்டுக்கு ஒருமுறை சுழற்சியில் வெட்டி நட்டுப் பராமரிக்கப்படுகிறது. கோலா செப்பெத்தாங்கின் கரிச் சூளைகளுக்கு விறகும், முகத்துவாரத்துக்கு மீனும் நண்டும், கோலா கூலாவுக்கு வலசைப் பறவைகளும் ஒரே காட்டிலிருந்து ஒரு நூற்றாண்டாகக் கிடைத்துவருகின்றன. உலகில் இவ்வளவு காலம் ஒழுங்காக நிர்வகிக்கப்பட்ட அலையாத்திக் காடு அபூர்வம். அதற்கு வடக்கே, 1906இல் முடிந்த நீர்ப்பாசனத் திட்டத்தால் உருவான கிரியான் நெல் வயல்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவே இருப்பது இந்தக் காட்டின் விளிம்பும் சில கரைகளும்தான். 2004 சுனாமியில் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். அலையாத்திக் காடு இருந்தால் எவ்வளவு பெரிய அலையும் நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கரையரிப்பையும் அன்றாட ஓதத்தையும் அது தாங்கிக்கொள்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மாத்தாங் கரையில் கெராங் சிப்பி விளைச்சல் முன்பு இருந்ததைவிட வெகுவாக விழுந்துவிட்டது. அதற்கும் இறால் குளம்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பல கழிவுகள் சேர்ந்து கெடுக்கின்றன. ஏற்கெனவே தள்ளாடும் நீரில் இன்னொரு சுமையை ஏற்றலாமா என்பதே கேள்வி.

காப்புக்காடு என்று சட்டம் இருக்கும்போது என்ன பயம் என்பார்கள். காப்பு என்பது அரசிதழில் ஓர் அறிவிப்பு. இன்னோர் அறிவிப்பால் ஒரு பகுதியை அதிலிருந்து எடுத்துவிட மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. காப்புக்குள் இல்லாத கரையோர நிலங்கள் வேறு இருக்கின்றன. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்ற 1987ஆம் ஆண்டு ஆணையில் 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ அலையாத்திக் காட்டை அழிக்கும் பண்ணைக்குத்தான் மதிப்பீடு. நாற்பத்தொன்பது ஹெக்டேர் வெட்டுபவரை அது கேட்கவில்லை. பின்னால் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. ஆனாலும் எந்த வரம்பு போட்டாலும் அதற்கு ஒரு விரல் கீழே விண்ணப்பிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலைவாய்ப்பு என்ற வாதம் நம் சமூகத்தில் எளிதில் எடுபடும், அதனால் அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். கிரியானில் இன்று நெல்லை அறுப்பது இயந்திரம். நாகையில் சொன்ன வேலையிழப்பு வாதத்தை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறால் குளம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை தரும் என்பதும் அதே அளவுக்கு ஆட்டம் காணும் வாதம். பாகான் செராய்க்கும் பாரிட் புந்தாருக்கும் எத்தனை வேலை, எந்தச் சம்பளத்தில், யாருக்கு என்று விண்ணப்பத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். செம்பனைத் தோட்டத்தில் நம்மவர்களின் இடத்தில் குறைந்த கூலிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் எப்படி வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் மீது கோபம் வேண்டாம். அவர்களுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்துக் கணக்குக் கேளுங்கள்.

இப்போதைய பண்ணைகள் பழைய மாதிரி இல்லை, அடியில் பிளாஸ்டிக் விரித்து, நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொல்வார்கள். உண்மைதான், அப்படிப்பட்ட பண்ணைகள் இருக்கின்றன, அவை மேலானவை. அப்படியானால் அதையே நிபந்தனையாக எழுதுவதில் யாருக்கு என்ன சங்கடம்? நல்ல பண்ணைக்காரர் மகிழ வேண்டிய விதி அது. சுத்திகரிப்புக்குச் செலவிடாத பக்கத்துக் குளத்துக்காரரோடு அவர் விலையில் போட்டியிட வேண்டியிருக்காது.

இன்னொரு வாதம் கொஞ்சம் குத்தலானது. காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்களின் வாரிசுகள் நீங்கள், இறாலுக்கு மட்டும் ஏன் குறுக்கே நிற்கிறீர்கள் என்பது. ரப்பர் வருவதற்கு முன்பே கிரியான் கரையோரச் சதுப்பை வெட்டிக் கரும்புத் தோட்டமாக்கியவர்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களும் உண்டு. வெட்டியது நம் கைகள், வெட்டச் சொன்னது நாம் அல்ல. எங்கே எதை வெட்டலாம் என்பதில் அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று நமக்கு வாக்கு இருக்கிறது, ஆட்சேபம் எழுத உரிமை இருக்கிறது. அன்று வாயில்லாமல் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று வாயிருந்தும் பேசாமல் இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

பேசினால் நடக்குமா என்பவர்களுக்கு, ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவை நினைவூட்டுகிறேன். கிரியானில் அணை இருக்கும் புக்கிட் மேரா வேறு. இது லகாட் பக்கத்து ஊர். அங்கே 1982இல் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலையின் தோரியக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994 தொடக்கத்தில் கம்பெனியே ஆலையை மூடிவிட்டது. சட்டத்தில் தோற்றும் ஊர் வென்றது. அந்த வெற்றியின் மறுபக்கத்தையும் பாருங்கள். கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்டது, கழிவு கிளேடாங் மலைத்தொடரில் புதைத்துக் காக்கப்படுகிறது. முன்கூட்டியே கேட்கப்படாத கேள்விக்கு இன்னும் பல தலைமுறை விலை கொடுக்கும். அந்தப் போராட்டத்தில் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் மலேசிய இயற்கைத் தோழர் அமைப்பான சஹாபாட் ஆலாமும் துணை நின்றன; வழக்கறிஞர் மீனாட்சி ராமன் வாதாடியவர்களில் ஒருவர். கரையோர மீனவர்களுக்காகவும் இவர்களே பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். ஈப்போவிலிருந்து இன்னும் கொஞ்சம் பலமாகக் குரல் வந்தால் அவர்கள் வேலை எளிதாகும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் வரைவு உள்ளூர்த் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைப் பெற வேண்டும். தனித்தனி விண்ணப்பங்களின்போது பக்கத்து நிலக்காரருக்குத்தான் பேச இடம். உள்ளூர்த் திட்டத்தின்போது மற்றவர்களும் பேசலாம். கிரியான், தைப்பிங், மஞ்சோங் மன்றங்களின் திட்டங்கள் அடுத்த முறை மறுஆய்வுக்கு வரும்போது, கரையோரத்தில் மீன்வளர்ப்புக்கு என்று வண்ணம் தீட்டிய இடங்களைப் பாருங்கள். அவற்றில் அலையாத்திக் காடோ நெல் வயலோ அடங்கியிருந்தால் எதிர்த்து எழுதுங்கள். மீதி இடங்களுக்கு, குளத்துக்கும் வயலுக்கும் கிணற்றுக்கும் நடுவே இடைவெளியும், வடிக்கும் நீரின் சோதனை முடிவை மாதந்தோறும் வெளியிடும் கட்டாயமும், குளம் கைவிடப்பட்டால் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் போதுமான வைப்புத்தொகையை முதல் மண் எடுப்பதற்கு முன்பே கட்டும் நிபந்தனையும் கேளுங்கள். வைப்புத்தொகைதான் இவற்றில் முக்கியம். லாபத்தை எடுத்துக்கொண்டு கிளம்புபவர் செலவை விட்டுச் செல்ல முடியாதபடி செய்யும் ஒரே பூட்டு அது.

ஆலய நிர்வாகங்கள், தோட்டப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கப் பங்குதாரர்கள் எல்லோரும் உங்கள் ஆண்டுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். உணவகமும் விருந்துச் சமையலும் நடத்துபவர்கள், இறால் கொண்டுவருபவரிடம் எந்தப் பண்ணை, எந்த மாவட்டம் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள். தேர்தல் வரும்போது உங்கள் வட்டாரச் சட்டமன்ற வேட்பாளர், அவர் எந்தக் கட்சியானாலும், மாத்தாங்கிலிருந்து ஓர் ஏக்கரையும் குளத்துக்கு விடமாட்டேன் என்று மேடையில் சொல்வாரா என்று கேளுங்கள். ஆட்சேபக் கடிதம் மலாயில் ஒரு பக்கம் இருந்தால் போதும். பெயர், முகவரி, எந்த இடத்தை எதிர்க்கிறீர்கள், ஏன் என்பது தெளிவாக இருக்கட்டும். ஒரு நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். நேரடி விசாரணைக்கு அழைக்கும்படி கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அழைத்தால் தனியாகப் போகாமல் கரையோரத்து மீனவர் ஒருவரையும் உடன் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து உங்களில் ஒருவர்